நம்புவதற்கு எளிதான குற்றவாளிகள்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலித் இலக்கிய மேடையில் மும்பை ரயில் குண்டுவெடிப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காவல் நிலையத்தில் எழுதப்படும் கதைகளோடு நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம் உண்டு. முதல் தகவல் அறிக்கை என்ற பெயரில், ஒப்புதல் வாக்குமூலம் என்ற பெயரில், என்கவுன்டர் செய்திக்குறிப்பு என்ற பெயரில் நம்மைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை மறுத்துச் சொன்னதில்தான் நம் எழுத்தில் பாதி பிறந்தது. யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரும் சேரியிலிருந்து ஒரு வழக்கு வந்தால் கோபப்படுவதற்கு முன் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்பவர். எத்தனை மணிக்குச் சம்பவம், எத்தனை மணிக்குப் பதிவு, சாட்சி யார், அவர் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தார் என்று வரிசையாகக் கேட்பார். அதே கேள்விகளைத்தான் இன்று ஒரு பெரிய வழக்கிடம் நாம் கேட்கப்போகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை. அலுவலகம் முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரம். மும்பையின் மேற்கு ரயில் தடத்தில் ஓடிக்கொண்டிருந்த புறநகர் ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 800-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்கள் 187 பேர் என்று சில ஆவணங்களும் 189 பேர் என்று வேறு சில ஆவணங்களும் சொல்கின்றன. செத்தவர்களின் எண்ணிக்கையே ஒன்றாக இல்லை என்பதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்வோம்.

சில வாரங்களிலேயே வழக்கு தீர்ந்துவிட்டதாக நாட்டுக்குச் சொல்லப்பட்டது. மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படை பதின்மூன்று முஸ்லிம் ஆண்களைக் கைது செய்தது. மகாராஷ்டிர திட்டமிட்ட குற்றங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது மகோகா, அவர்கள் மீது பாய்ந்தது. 2015-இல் சிறப்பு நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, பன்னிரண்டு பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐந்து பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு ஆயுள் தண்டனை. மரண தண்டனைக் கைதிகளில் ஒருவர் 2021-இல் சிறைவாசத்திலேயே கொரோனாவுக்குப் பலியானார்.

2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் அனில் கிலோர், ஷியாம் சாண்டக் அமர்வு பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. இறந்துபோனவரும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். நிரபராதி என்ற தீர்ப்பு அவருக்கு நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்தது. மற்றவர்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகள்.

ஏதோ ஒரு சட்ட நுணுக்கத்தில் அவர்கள் தப்பிவிட்டார்கள் என்று தொலைக்காட்சிகளில் பேசினார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அரசுத் தரப்பின் கதை மூன்று கால்களில் நின்றது: சாட்சிகள், கைப்பற்றிய பொருட்கள், ஒப்புதல் வாக்குமூலங்கள். மூன்றும் நிற்கவில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

சாட்சிகளை எடுத்துக்கொள்வோம். குற்றவாளிகளை ரயில் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்சி ஓட்டுநர்கள் நூறு நாட்களுக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஊரே குண்டுவெடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதன் பிறகு திடீரென்று முகங்கள் நினைவுக்கு வந்தன. பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்திலும் அதே முகங்களைச் சுட்டினார்கள். அடையாள அணிவகுப்பை நடத்திய சிறப்பு நிர்வாக அலுவலருக்கு அந்த நேரத்தில் அதை நடத்தும் அதிகாரமே இல்லை. சாட்சிகளில் ஒருவர் சம்பந்தமில்லாத வேறு வழக்குகளிலும் காவல் துறைக்குச் சாட்சியாக வந்தவர். இப்படிப்பட்ட சாட்சியை நமக்குத் தெரியும். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் எப்போதும் இருப்பார். எந்த மகஜரிலும் அவர் கையெழுத்து இருக்கும்.

அடுத்து, பொருட்கள். வெடிமருந்து, சர்க்யூட் பலகை என்று கைப்பற்றியவற்றை முறையாக முத்திரையிட்டுப் பாதுகாத்ததாக நிரூபிக்கவில்லை. வெடித்தது எந்த வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்றது நீதிமன்றம். ஏழு குண்டுகள், பத்தொன்பது ஆண்டுகள். ஆனால் அது என்ன குண்டு என்பதற்கு நிரூபிக்கப்பட்ட பதில் இல்லை.

கடைசியாக ஒப்புதல் வாக்குமூலம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு விதியை வைத்தது: காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. காலனி அரசு கருணையால் இதைச் செய்யவில்லை. தன் காவல் நிலையங்களில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியும். அந்த விதியைத் தடா உடைத்தது, பொடா உடைத்தது, மகோகாவும் உடைத்தது. கண்காணிப்பாளர் தகுதியில் உள்ள காவல் அதிகாரி எழுதினால் அது ஆதாரம். மும்பை வழக்கில் ஜூலை மாதத்திலிருந்தே கைதுகள் நடந்தன. செப்டம்பர் இறுதியில் மகோகா வந்தது. அக்டோபரில் வாக்குமூலங்கள் வந்தன. அவரவர் தாமாக முன்வந்து சொன்னதாகக் கூறப்பட்ட அந்த வாக்குமூலங்களில் பல பகுதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியதுபோல ஒத்திருந்ததை உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சித்திரவதை நடந்திருக்கலாம் என்பதையும் ஏற்றது. அவை தானாகத் தந்தவை அல்ல, உண்மையானவையும் அல்ல என்று ஒதுக்கியது.

இதற்கிடையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2008-இல் மும்பைக் குற்றப்பிரிவு வேறு சிலரைக் கைது செய்து, அந்த ரயில் குண்டுகளையும் வைத்தது இந்தியன் முஜாகிதீன் என்று சொன்னது. ஒரே மாநிலம், ஒரே காவல் துறை, இரண்டு பிரிவுகள், இரண்டு கதைகள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அரசு இந்த முரணை விசாரித்துத் தீர்த்திருக்க வேண்டும். தீர்க்காமலேயே முதல் கதையின் பேரில் ஐந்து பேரைத் தூக்கில் போடச் சொல்லிக் கேட்டது.

தோழர்களே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இவ்வளவு ஓட்டைகள் உள்ள கதையை நாடு எப்படிப் பத்தொன்பது ஆண்டுகள் நம்பியது? பத்திரிகைகள் நம்பின, கட்சிகள் நம்பின, படித்தவர்கள் நம்பினார்கள். ஆதாரத்தைப் பார்த்து யாரும் நம்பவில்லை. ஆதாரம் மக்கள் கைக்கு வரவே இல்லை. பெயர்களைப் பார்த்து நம்பினார்கள். சிலரைக் குற்றவாளி என்று நம்புவது இந்தச் சமூகத்துக்கு எளிது. சிலரைக் குற்றவாளி என்று நம்புவது மிகவும் கடினம். இந்த எளிமையும் கடினமும் பிறப்பை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. இது நமக்கு யாரும் வகுப்பெடுத்துப் புரிய வைக்க வேண்டிய விஷயம் இல்லை.

கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது அந்தத் தீர்ப்பு. அங்கே சாட்சி இருந்தது, நம்பிக்கை இல்லை. மும்பையில் நம்பிக்கை இருந்தது, சாட்சி இல்லை. இரண்டையும் நிறுத்தது ஒரே தராசுதான்.

அரசு சொல்லும் கதை எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடங்கள் உண்டு. 1992 ஜூன் மாதம் வாச்சாத்தியில் நுழைந்த வனத் துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் சொன்ன கதை, பதுக்கிய சந்தனக் கட்டைகளைத் தேடினோம் என்பது. பதினெட்டுப் பெண்கள் மீதான வன்கொடுமை அந்தக் கதையில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றம் புரிந்தவர்களே என்றது. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்து ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டபோது, அவர் தப்பி ஓடிவிட்டார் என்பதே அதிகாரபூர்வக் கதை. அந்தக் கதைகளை அசைத்தவர்கள் பாதிக்கப்பட்ட பெண்கள். கூடவே நின்ற தோழர்கள், ஒன்றிரண்டு வழக்குரைஞர்கள். பெரிய புலனாய்வு அமைப்புகள் தாமாக வந்து அசைக்கவில்லை.

இதன் வேர் இன்னும் பழையது. 1871-இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் ஒரு சாதியில் பிறந்தவரைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று பதிவு செய்தது. குற்றம் நடந்தால் ஆளைத் தேட வேண்டியதில்லை. ஆட்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கும், குற்றத்தை அதில் பொருத்தினால் போதும். சட்டம் 1952-இல் போய்விட்டது. பட்டியல் போட்டு வைக்கும் பழக்கம் போகவில்லை. சிறைகளில் தலித்துகளும் பழங்குடிகளும் முஸ்லிம்களும் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருப்பதை அரசின் புள்ளிவிவரமே ஆண்டுதோறும் சொல்கிறது. பயங்கரவாத வழக்கு அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கம். சட்டம் மிகக் கடுமையாகவும் கேள்வி மிகக் குறைவாகவும் உள்ள பக்கம்.

2006 செப்டம்பர் மாத மகாராஷ்டிரத்தைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். செப்டம்பர் 8 அன்று மாலேகானில் பராஅத் இரவுக்காக முஸ்லிம்கள் கூடிய கபரஸ்தானையும் பள்ளிவாசலையும் ஒட்டிக் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கைதான ஒன்பது பேரும் முஸ்லிம்கள். அவர்களில் ஒருவர் குண்டு வெடித்த நாளில் ஏற்கெனவே காவல் துறையின் பிடியில் இருந்தார். இன்னொருவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் தொழுகை நடத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் கதை நின்றது. முதலில் மாநிலப் படை எழுதியதை மத்தியப் புலனாய்வுத் துறையும் வழிமொழிந்தது. 2010 இறுதியில் சுவாமி அசீமானந்தா ஒரு நீதித்துறை நடுவர் முன் கொடுத்த வாக்குமூலத்துக்குப் பிறகுதான் விசாரணை வேறு திசையில் போனது. அவரும் பின்னர் அதிலிருந்து பின்வாங்கினார். 2016-இல் எட்டுப் பேர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஒன்பதாமவர் அதற்குள் இறந்துவிட்டார்.

அதே மாதம் 29-ஆம் தேதி, பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தின் நான்கு பேரை ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. அங்கே இதே மாநிலக் காவல் துறைக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. நீதி கேட்டுத் தலித்துகள் தெருவுக்கு வந்தபோது, போராட்டத்தின் பின்னால் நக்சலைட்டுகள் இருக்கலாம் என்று மாநில உள்துறை அமைச்சர் பேசினார். விசாரணை நீதிமன்றம் கொலைக்குத் தண்டனை தந்தது. சாதி வெறியைக் காரணமாக ஏற்கவில்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பொருத்தவில்லை. முஸ்லிம் செத்தாலும் அவனே பயங்கரவாதி. தலித் செத்தாலும் அவனுக்காகக் குரல் கொடுப்பவன் தீவிரவாதி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பீமா கோரேகான் வழக்கில் இது இன்னும் வெளிப்படையானது. கயர்லாஞ்சியைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆனந்த் டெல்டும்ப்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான உபாவின் கீழ் சரணடைந்து சிறைக்குப் போனார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசின் கதையைக் கேள்வி கேட்பது என்றால் அதன் இடத்தில் நாம் ஒரு கதையைக் கட்டி வைப்பது அல்ல. மும்பை ரயில்களில் குண்டு வைத்தது யார் என்று நாம் சொல்லப்போவதில்லை. அவர்கள் இல்லை என்றால் இவர்கள்தான் என்று இன்னொரு மதத்தைக் கைகாட்டுவதும் அதே பட்டியல் புத்திதான். 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் பிரக்யா சிங் தாகூர் உள்ளிட்ட ஏழு பேரும் 2025 ஜூலை 31 அன்று விடுதலையானார்கள். ஆதாரம் போதாது என்றது நீதிமன்றம். ஆதாரம் இல்லாமல் அவர்களைத் தண்டியுங்கள் என்று நாம் கேட்க மாட்டோம். ஆதாரம் ஏன் இல்லாமல் போனது என்று கேட்போம். அந்த வழக்கில் வேகத்தைக் குறைக்கும்படி தேசியப் புலனாய்வு முகமை தன்னிடம் சொன்னதாக அரசுச் சிறப்பு வழக்குரைஞராக இருந்த ரோகிணி சாலியன் 2015-இல் வெளிப்படையாகச் சொன்னாரே, அதை யார் விசாரித்தார்கள் என்று கேட்போம்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு விடுதலைத் தீர்ப்புகள் வந்தன. ரயில் வழக்கில் மகாராஷ்டிர அரசு உடனே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. ஜூலை 24 அன்றே, விடுதலையானவர்கள் திரும்பச் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் இந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. மாலேகான் வழக்கில் மேல்முறையீட்டுக்கு முதலில் போனவர்கள் குண்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள். ஒரு வழக்கில் அரசின் கால் ஓடுகிறது. இன்னொன்றில் நடக்கக்கூடத் தயங்குகிறது. இந்த வேக வித்தியாசத்தை அளந்து காட்டுவதும் கேள்வி கேட்பதுதான்.

இதில் வழக்குரைஞர்களை மறந்துவிடக் கூடாது. ரயில் வழக்கிலும் மாலேகான் வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நின்ற ஷாகித் ஆஸ்மி, தானும் தடாவில் சிறை கண்டவர். 2010 பிப்ரவரி 11 அன்று குர்லாவில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர், சென்னையில் வழக்குரைஞராகத் தொடங்கி ஒடிசாவின் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற எஸ். முரளிதர். 2015-இல் விடுவிக்கப்பட்ட அப்துல் வாகித் ஷேக் ஒரு பள்ளி ஆசிரியர். ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து வெளியே வந்தவர், தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், சட்டம் படித்தார், மீதிப் பேருக்காக ஊர் ஊராகப் பேசினார். தான் தப்பித்ததோடு அவர் போய்விடவில்லை.

காவல் அதிகாரி எழுதும் வாக்குமூலத்தின் விலை தமிழர்களுக்கும் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது; இது தடாவின்படியான பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. பேரறிவாளன் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன் 2013-இல் சொன்னார். விடுபட்ட ஒரு வாக்கியம். பத்தொன்பது வயதில் உள்ளே போனவர் விடுதலையாக 2022 மே ஆனது.

இன்று நிலைமை இன்னும் நெருக்கமாக வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆவது பிரிவு பயங்கரவாதச் செயலைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. உபாவா, இந்தப் பிரிவா என்பதைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்வார். மும்பையும் மாலேகானும் தொலைவில் இருக்கின்றன என்று நாம் நினைத்திருக்க முடியாது.

ஆகவே நாம் சில கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து வைக்கிறோம். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் எந்தச் சட்டத்தின் கீழும் ஆதாரமாகக் கூடாது. விடுதலையானவர்களுக்கு இழப்பீடு என்பது அரசின் தயவாக இல்லாமல் சட்ட உரிமையாக வேண்டும். பொய்யாகக் கதை கட்டிய அதிகாரிகள் பதவி உயர்வோடு ஓய்வு பெறுவது நிற்க வேண்டும். அவர்கள் விசாரிக்கப்பட வேண்டும். ஒரு வழக்கு இப்படி உடைந்து விழுந்தால், குற்றத்தை முதலிலிருந்து விசாரிப்பது அரசின் கட்டாயக் கடமையாக வேண்டும்.

கடைசிக் கோரிக்கைதான் நமக்கு முக்கியம். வழக்கைத் தீர்த்துவிட்டதுபோல் தோற்றம் காட்டுவது சமூகத்துக்குப் போலி ஆறுதலைத் தருகிறது, உண்மையான ஆபத்தோ வெளியிலேயே இருக்கிறது என்ற கருத்தை உயர்நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. குண்டுவெடிப்பைக் கேள்வி கேட்பவர்கள் பயங்கரவாதிகளின் பக்கம் நிற்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். அந்த மாலை ரயிலில் வீடு திரும்பிய மனிதர்களைக் கொன்றவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்பவர்கள்தான் கேள்வி கேட்கிறார்கள். கைக்குக் கிடைத்தவரை வைத்துக் கோப்பை மூடியவர்களுக்கு அந்த அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. உயிரிழந்தவர்களின் வீடுகளில் இன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சிறையில் இளமையைத் தொலைத்தவர்களின் வீடுகளிலும் பதில் இல்லை. இந்த இரண்டு வீடுகளையும் எதிரெதிரே நிறுத்துவதில்தான் அரசின் கதை உயிர் வாழ்கிறது. இரண்டு வீட்டாரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். அதை அவர்களோடு சேர்ந்து கேட்பது, பொய் வழக்கின் வலி தெரிந்த நம் வேலை.